முதல் கோக்கனிக்கு எந்த ஏரி?

"அக்கா, ஜூலை நாலு லீவுக்குக் கோக்கனி பிடிக்கப் போகலாம்னு இருக்கோம். வல்லோவா ஏரிக்குப் போகட்டுமா, ஒடெல்லுக்கா?"

போன வாரம் பீவர்ட்டனிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான். கோக்கனி என்பது ஏரியிலேயே வாழும் சின்ன சால்மன் மீன், அவன் கேட்ட இரண்டும் எங்கள் ஓரிகன் மாநிலத்து ஏரிகள். வீட்டில் ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். சொந்தப் படகு கிடையாது. கடையில் வாங்கிய இரண்டு தூண்டில் கம்புகளும் மூன்று நாள் விடுமுறையும்தான் கையில் இருக்கின்றன. வல்லோவாவில் உலகச் சாதனை மீன் பிடிபட்டதாக எங்கோ படித்திருக்கிறான். மனசு அங்கேயே நிற்கிறது.

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் போர்ட்லண்ட் பக்கம் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. நம் வீடுகளில் மீன் என்றால் எவ்வளவு ஆசை! இந்தியக் கடை ஃப்ரீஸரில் கிடக்கும் வஞ்சிரத்தை வருடம் முழுக்க வாங்கிச் சாப்பிடுகிறோம். காலையில் பிடித்து மதியம் பொரிக்கக்கூடிய மீன் மூன்று மணி நேரத் தொலைவில் நீந்திக்கொண்டிருக்கிறது. ஆனால் முதல் பயணம் வெறுங்கையோடு முடிந்தால் பலர் மறுபடி போவதே இல்லை. பிள்ளைகள் சலித்துவிடுவார்கள், கம்புகள் கராஜில் ஒரு மூலைக்குப் போய்விடும். அதனால்தான் முதல் ஏரியை நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

பெரிய மீன் எந்த ஏரியில் இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் போகும் மாதத்தில் மீன் எத்தனை அடி ஆழத்தில் நிற்கும், அந்த ஆழத்துக்குத் தூண்டிலை இறக்க உங்களிடம் வழி இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி ஏரிகள் தானாகவே கழிந்துவிடும்.

மீன் எங்கே நிற்கும்

கோக்கனி என்பது கடலுக்குப் போகாத சாக்கை சால்மன். சாக்கை ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடத் திரும்பி வரும். கோக்கனிக்கு ஏரிதான் கடல். மூன்று நான்கு வருடம் அங்கேயே வளரும். கடைசி வருடம் இலையுதிர் காலத்தில் உடம்பெல்லாம் சிவந்து, ஆண் மீனுக்குத் தாடை கொக்கிபோல வளைந்து, ஓடை முகத்தில் ஏறி முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

இது தின்பது பெரும்பாலும் டாஃப்னியா போன்ற, ஊசிமுனை அளவுள்ள நீர்ப்பூச்சிகளை. அதனால் கரையில் உட்கார்ந்து மண்புழு கோர்த்துப் போட்டால் ட்ரவுட் வரலாம், கோக்கனி வராது. பசியால் கடிப்பதைவிட எரிச்சலில் கடிப்பதுதான் இதன் வழக்கம். தன் கூட்டத்துக்குள் பளபளவென்று ஒரு தகடு ஆடிக்கொண்டு வந்தால், அதன் பின்னால் வரும் இளஞ்சிவப்புக் குஞ்சத்தைச் சீண்டிப் பார்க்கும். டாட்ஜர் என்ற அந்தத் தகடும், ஹூச்சி என்ற குஞ்சமும், முள் நுனியில் டூனா எண்ணெயில் ஊறிய ஒரு வெள்ளைச் சோளமணியும்தான் எங்கள் பக்கத்துக் கோக்கனிக்காரர்களின் நிரந்தரச் சாமான்கள். இவற்றை நீருக்குள் இறக்கி, படகை மணிக்கு 1 முதல் 1.5 மைல் வேகத்தில் நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும். ட்ரோலிங் என்பது அதுதான்.

இதற்குப் பிடித்த தண்ணீர் ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட். மே, ஜூன் தொடக்கத்தில் மேல் தண்ணீரே அப்படி இருக்கும், மீன் 10, 20 அடியிலேயே சுற்றும். ஜூலையில் மேல்மட்டம் சூடாக ஆக அது 40, 50 அடிக்கு இறங்கும். ஆகஸ்டில் 70, 80 அடி, சில ஏரிகளில் அதற்கும் கீழே. கரையிலிருந்து வீசும் தூண்டில் அங்கே எட்டாது. மேல்மட்டத்தில் என்ன போட்டாலும் வீண்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் நீர்ப்பூச்சி இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டு. மீன் நிறைய இருந்தால் ஆளுக்குக் கொஞ்சம், எல்லாம் 10, 11 அங்குலத்தில் நின்றுவிடும். மீன் குறைந்தால் மிச்சமிருப்பவை கொழுக்கும். ஆக, பெரிய மீனுக்குப் பேர்போன ஏரி என்றால் பெரும்பாலும் மீன் குறைவான ஏரி என்றுதான் பொருள். முதல் முறை போகிறவருக்கு அது நல்லதல்ல.

ஒடெல்

போர்ட்லண்டிலிருந்து யூஜீன் வரை ஐந்தாம் எண் நெடுஞ்சாலை, அப்புறம் 58. வில்லாமெட் கணவாயைத் தாண்டியதும் வலப்பக்கம் நீளமாக நீலம் தெரியும். 4,788 அடி உயரத்தில் பனியாறு குடைந்துவிட்டுப் போன ஏரி. அதிகபட்ச ஆழம் 282 அடி. தென்கரையை ஒட்டி ரயில் போகும், சரக்கு வண்டி கடக்கும்போது அதன் சத்தம் தண்ணீர் மேல் உருண்டு வரும்.

எனக்கு முதல் கோக்கனி கிடைத்தது இங்கேதான், அதனால் பாசம் கொஞ்சம் கூடுதல். பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஒடெல்தான். காரணம் எண்ணிக்கை. மீன் நிறைய. சாதாரணமாக 10 முதல் 13 அங்குலம், கைக்கு அடக்கம். கூட்டமாக நிற்பதால் மீன்காட்டித் திரையில் ஒரு மேகம்போலத் தெரியும். ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் படகை ஓட்டலாம். பழகுகிறவருக்குத் தேவை இதுதான். ஒரே காலையில் பத்துத் தடவை கடி விழுந்தால் எட்டு தவறினாலும் இரண்டு கைக்கு வரும்.

தவறும். கட்டாயம் தவறும். கோக்கனியின் வாய் காகிதம் மாதிரி. கம்பு விறைப்பாக இருந்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். என் முதல் நாளில் ஐந்தாவது மீன் படகின் பக்கம் வரை வந்தது. வெள்ளி முதுகு, வயிறு கண்ணாடிபோல. வலையை எடுக்கத் திரும்பினேன், அது தலையை ஒருமுறை உதறியது, முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படகில் இருந்த முதியவர் கையைக் காட்டி, கம்பைத் தாழ்த்திப் பிடி, மீனை மேலே தூக்காதே, தண்ணீரோடு தண்ணீராக வலைக்குள் கூட்டி வா என்று சைகையிலேயே சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு தவறியது பாதியாகக் குறைந்தது. அடியில் நன்றாக வளையும் மெல்லிய கம்பை இதற்கென்றே வாங்குங்கள். கேட்ஃபிஷுக்கு வாங்கிய கம்பை எடுத்துப் போகாதீர்கள்.

ஒடெல்லுக்கு இரண்டு குறைகள். முதலாவது காற்று. கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று ஏரியின் நீளத்துக்கு நேராக அடிக்கும். காலை ஐந்து மணிக்குப் பாய் விரித்த மாதிரி கிடக்கும் தண்ணீர், பதினொரு மணிக்குள் வெள்ளை நுரை கட்டிவிடும். சிறு படகுக்கு அது விளையாட்டல்ல. விடியலில் இறங்கி, காற்று எழும்போது கரையேறிவிடுங்கள். இரண்டாவது கொசு. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் காஸ்கேட் மலை முழுக்க அதன் ராஜ்ஜியம். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை வேண்டும்.

இன்னொன்று, இது என் மனசுக்கு நெருக்கமானது. ஒடெல்லில் கோக்கனியைத் தின்று வளரும் பெரிய மீன்கள் உண்டு. மக்கினா என்று சொல்லப்படும் லேக் ட்ரவுட் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. மாநிலச் சாதனையான 40 பவுண்டு 8 அவுன்ஸ் மக்கினா 1984-ல் இங்கேதான் பிடிபட்டது. அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் புல் ட்ரவுட் இந்த ஏரியின் பூர்வகுடி, அழியும் ஆபத்தில் இருக்கும் இனமாக மத்திய அரசு 1990களின் கடைசியில் பட்டியலிட்டது. ட்ராப்பர் ஓடையில்தான் முட்டையிடுகிறது. எண்ணிக்கை மிகக் குறைவு. பிடிபட்டால் உடனே விட வேண்டும், இது சட்டம்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலை கம்பு திடீரென்று முட்டிவரை வளைந்தது. கோக்கனி துடிக்கும், இது கனமாக அமுக்கியது. வலைக்குள் வந்தது இரண்டடி நீள மீன். மக்கினாவாக இருந்தால் முதுகுத்துடுப்பிலும் வாலிலும் வெளிர் புள்ளிகள் இறைந்திருக்கும், வால் ஆழமாகப் பிளந்திருக்கும். இதன் முதுகுத்துடுப்பு ஒரு புள்ளி இல்லாமல் சுத்தமாக இருந்தது. உடம்பில் மட்டும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பொட்டுகள். வலையைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றினேன். சில நொடி செவுளை அசைத்துக்கொண்டு நின்றது, பிறகு ஆழத்துக்குள் நழுவியது. உடன் வந்தவர்களுக்கு முன்கூட்டியே இந்தத் துடுப்பு அடையாளத்தைச் சொல்லி வையுங்கள். அவசரத்தில் மேலே தூக்கிப் படம் எடுப்பது அந்த மீனின் உயிருக்கு உலை.

பாலினா, அதன் பக்கத்தில் ஈஸ்ட்

பெண்டுக்குத் தெற்கே லா பைன் அருகில் மேலே ஏறினால் நியூபெரி எரிமலையின் வாய்க்குள் இரண்டு ஏரிகள். பாலினா 6,350 அடி உயரத்தில், 250 அடி ஆழம். போர்ட்லண்டிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம். இரண்டுமே ஆதியில் மீனே இல்லாத ஏரிகள். பாலினாவிலிருந்து வெளியேறும் ஓடையில் 80 அடி அருவி இருக்கிறது, எந்த மீனும் ஏறி வர முடியாது. இன்று அதில் உள்ளவை எல்லாம் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. இந்த ஏரியின் கோக்கனி முட்டைகளை எடுத்து ஓரிகனின் மற்ற ஏரிகளுக்கும் மீன் வளர்த்திருக்கிறார்கள்.

ஒடெல்லைவிட இங்கே கோக்கனி பெரியது, எண்ணிக்கை குறைவு. ஆனால் குடும்பத்தோடு போகிறவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி. கோக்கனி கடிக்காவிட்டாலும் நாள் வீணாகாது. ரெயின்போ ட்ரவுட் கரைக்கு அருகே வரும். பிள்ளைகள் பவர்பெய்ட் என்ற கடை இரையை உருட்டிக் கோர்த்துக் கரையிலிருந்தே வீசலாம். படகுக்கு மணிக்கு 10 மைல்தான் உச்ச வேகம் என்பதால் யாரும் சீறிக்கொண்டு போய் அலை கிளப்ப மாட்டார்கள். சிறு படகும் கயாக்கும் நிம்மதியாகப் போகலாம். ஏரியின் வடகிழக்குக் கரையில் சரளைக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது. யாரோ தோண்டி வைத்த குழியில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். சற்றுத் தள்ளிக் கறுப்புக் கண்ணாடிக் கல் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, 1,300 வருடத்துக்கு முந்தைய எரிமலைக் குழம்பு. என் மகள் அந்தக் கல்லைப் பார்க்கவே மறுபடி மறுபடி பாலினாவுக்குப் போகலாம் என்பாள்.

படகு நிறுத்தி மீன்பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் பாலினா நல்லது. பாறைச் சரிவுகளுக்குக் கீழே மீன் கூட்டம் நிற்கும்போது, நங்கூரம் போட்டு, ஜிக் என்ற கனமான பளபளக்கும் உலோகத் தூண்டிலை நேராகக் கீழே இறக்கி, ஓரடி தூக்கி விழவிட வேண்டும். விழும்போதுதான் கடிக்கும். கடித்தது கையில் சரியாகத் தெரியாது. தங்கூசி ஒரு கணம் தொய்ந்தால் உடனே இழுக்க வேண்டும். இந்த முறைக்கு டவுன்ரிக்கர் (கனமான குண்டைக் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) எதுவும் தேவையில்லை, சாதாரணக் கம்பும் மீன்காட்டியும் போதும். பெரிய பிரவுன் ட்ரவுட்டும் இந்த ஏரியில் உண்டு. 2002-ல் 28 பவுண்டு 5 அவுன்ஸில் ஒன்று மாநிலச் சாதனை.

ஈஸ்ட் ஏரியில் கோக்கனியும் உண்டு, கரைத்தூண்டிலும் பாலினாவைவிட நன்றாக நடக்கும். ஆனாலும் நான் சமையலுக்காக அங்கே போவதில்லை. எரிமலை நிலத்திலிருந்து கசியும் பாதரசம் அங்கே பெரிய மீன்களில் சேர்கிறது, எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறையின் அறிவுறுத்தலே இருக்கிறது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீடு என்றால் பாலினாவிலேயே நின்றுவிடுங்கள்.

உயரம் அதிகம் என்பதால் இங்கே பனி உருகவே மே ஆகிவிடும். ஜூலையில்கூட விடியலில் கை விறைக்கும். கூடாரம் போடுகிறவர்கள் கம்பளியை மறக்க வேண்டாம்.

க்ரேட்டர் ஏரி

"லைசென்ஸே வேண்டாமாம், எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாமாம்" என்று ஆசையோடு கேட்பவர்கள் நிறைய. உண்மைதான். 1888-ல் வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல் என்பவர், பின்னாளில் இந்த இடம் தேசியப் பூங்காவாக உழைத்தவர், வாளியில் மீன்குஞ்சுகளைத் தூக்கிவந்து மீனே இல்லாத இந்த ஏரியில் விட்டார். 1941 வரை தொடர்ந்து விட்டார்கள். ஆறு வகை விட்டதில் ரெயின்போவும் கோக்கனியும்தான் பிழைத்தன. அவை இங்கே இருக்கக்கூடாதவை என்பதால் பூங்கா நிர்வாகம் வரம்பு வைக்கவில்லை. ஆனால் இரை போடக் கூடாது, செயற்கைத் தூண்டில் மட்டும்தான். வெளியிலிருந்து எந்த உயிரும் அந்தத் தண்ணீருக்குள் போய்விடக் கூடாது என்ற கவலை.

அப்புறம் வழி. தண்ணீருக்கு இறங்க ஒரே பாதை, க்ளீட்வுட். 1.1 மைல் நீளம், 700 அடி இறக்கம். இறங்குவது எளிது. மீனும் ஐஸும் சுமந்துகொண்டு ஏறுவது வேறு கதை. சொந்தப் படகு விட அனுமதி இல்லை. கோக்கனி நடு ஏரியில் ஆழத்தில் சுற்றும், கரையிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் ரெயின்போ. அந்தப் பாதைக்கே பல வருடப் பழுதுபார்ப்புத் திட்டம் இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று பூங்கா அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 1,943 அடி ஆழமுள்ள அந்த நீலத்தை வாழ்வில் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், பார்ப்பதற்காகப் போங்கள். கோக்கனிக்காக வேண்டாம்.

வல்லோவா

இப்போது தம்பியின் கனவு ஏரி. ஓரிகனின் வடகிழக்கு மூலையில், ஜோசஃப் ஊருக்குப் பக்கத்தில். 2010 ஜூனில் 9 பவுண்டு 10 அவுன்ஸுக்கும் சற்று மேல் எடையுள்ள கோக்கனி இங்கே பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவானது. சாதாரணக் கோக்கனி ஒரு பவுண்டுகூடத் தேறாது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணின் கனம் புரியும். மேலே சொன்ன கணக்குதான், ஏரியில் மீன் குறைந்து மிச்சமிருந்தவை கொழுத்த காலம் அது. ஒவ்வொரு வருடமும் அப்படி அமையாது. சாதனையை நம்பிப் போவது, பத்து வருடத்துக்கு முன் விளைந்ததைப் பார்த்து இன்று அறுவடைக்குப் போவதுபோல.

இந்த மீன்களுக்கு ஒரு பழைய துக்கமும் உண்டு. முன்பு இந்த ஏரிக்குக் கடலிலிருந்து சாக்கை ஏறி வந்தது. நெஸ் பெர்ஸ் என்ற பழங்குடி மக்களின் தாய்நிலம் இது, அந்த மீன் அவர்களின் உணவு. ஏரி வாயில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணை வந்தது, சாக்கை நின்றுபோனது. ஏரிக்குள் தங்கிவிட்ட கோக்கனிதான் மிச்சம். அந்தச் சாக்கையைத் திரும்பக் கொண்டுவர நெஸ் பெர்ஸ் மக்கள் இன்றும் பாடுபடுகிறார்கள். ஏரியின் வடமுனையில் அவர்களின் தலைவரான மூத்த ஜோசஃபின் கல்லறை இருக்கிறது. மீன் பிடிக்கப் போகிறவர்கள் அங்கே சற்று நின்றுவிட்டுப் போங்கள்.

அழகில் வல்லோவாவை எதுவும் மிஞ்சாது. இரு பக்கமும் பனியாறு ஒதுக்கிய மண்கரை வரம்பு கட்டியதுபோல நேராக ஓடும், தலைமாட்டில் மலை. ஹோவர்ட் சிகரத்துக்கு இழுவைப்பெட்டியில் ஏறலாம். ஆனால் போர்ட்லண்டிலிருந்து ஆறு மணி நேரக் கார். மூன்று நாள் விடுமுறையில் இரண்டு நாள் சாலையிலேயே போகும். ஐந்து நாள் இருந்தால் வல்லோவா, அதற்குக் குறைவென்றால் அடுத்த வருடம்.

பக்கத்திலேயே இருப்பவை

ஸ்வீட் ஹோம் அருகே இருக்கும் க்ரீன் பீட்டர் நீர்த்தேக்கத்தை முன்பெல்லாம் யோசிக்காமல் சொல்வேன். இரண்டு மணி நேரம்தான், கோக்கனி குவிந்து கிடந்த இடம். சால்மன் குஞ்சுகள் அணையைத் தாண்டிப் போகட்டும் என்று நீதிமன்ற உத்தரவின்படி 2023 இலையுதிர் காலத்தில் தண்ணீரை அடிமட்டம் வரை இறக்கினார்கள். ஆழத்து மதகு வழியாக இழுபட்ட கோக்கனி ஆயிரக்கணக்கில் அழுத்த மாற்றம் தாங்காமல் அணைக்குக் கீழே செத்து மிதந்தது. கீழே உள்ள ஊர்களுக்குக் குடிநீரும் கலங்கியது. சால்மனைக் காப்பாற்ற வேண்டியது நியாயம்தான், அதற்காக இந்த மீன் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. முதல் பயணத்துக்கு இப்போதைக்கு அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மவுண்ட் ஹூட் பக்கம் டிமோத்தி, லாஸ்ட் என்று இரண்டு ஏரிகள். கோக்கனி உண்டு, டிமோத்தியில் சிறியது. ஒரே நாளில் போய் வர நல்லது. லாஸ்ட் ஏரியில் மோட்டார் படகு கூடாது, துடுப்புப் போடத் தயார் என்றால் அமைதியான காலை ஒன்று கிடைக்கும்.

படகு

ஏரியைவிடப் படகுதான் உங்கள் மீனைத் தீர்மானிக்கும். முதல் முறைக்கு வழிகாட்டியோடு போவது என் முதல் தேர்வு. செலவுதான். ஆனால் டவுன்ரிக்கர், மீன்காட்டி, இரை, வலை எல்லாம் அவருடையது. நான்கு மணி நேரத்தில் நீங்கள் கற்பதைத் தனியாகக் கற்க இரண்டு கோடை ஆகும். முன்பதிவு செய்யும்போது பிள்ளைகளின் வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

வாடகைப் படகு அடுத்தது. ஒருமுறை நாங்கள் எடுத்த படகில் மீன்காட்டி வேலை செய்யவில்லை, நடுத் தண்ணீருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்று முழுக்கக் குருட்டாம்போக்கில் சுற்றி ஒன்றுமில்லாமல் திரும்பினோம். கரையிலேயே இயக்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். டவுன்ரிக்கர் இல்லாத படகு என்றால் ஈயக்கம்பி உள்ளோடிய தங்கூசி வாங்கலாம். முப்பது அடிக்கு ஒருமுறை நிறம் மாறும். மெதுவாக இழுக்கும்போது ஒரு நிறத்துக்குச் சுமார் ஐந்தடி ஆழம் இறங்கும் என்று கணக்கு. ஜூன் வரை அது தாராளமாகப் போதும். ஆகஸ்டில் போதாது.

கயாக் வைத்திருப்பவர்கள் பாலினாவில் மட்டும், காலையில் மட்டும். அந்த மலைத் தண்ணீரில் விழுந்தால் குளிர் நிமிடங்களில் கையைக் கட்டிவிடும். பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் படகு ஓடும்போது உயிர்காப்புச் சட்டை போட்டிருக்க வேண்டும் என்பது ஓரிகன் சட்டம், பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை, மற்றவர்களுக்குத் தேவை. ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்பது ஏரிக்கு ஏரி, வருடத்துக்கு வருடம் மாறும், கிளம்பும் முன் மாநில மீன்வளத் துறையின் அந்த வருடப் புத்தகத்தைப் பாருங்கள்.

சொந்தக் கயாக்கோ படகோ கொண்டுபோகிறவர்கள் ஒரு ஏரியில் நனைந்ததை நன்றாகக் கழுவி உலர்த்தாமல் அடுத்த ஏரியில் இறக்காதீர்கள். மொண்டானாவின் ஃப்ளாட்ஹெட் ஏரியில் நடந்தது போதும். கோக்கனிக்கு உணவாகட்டும் என்று மேலே உள்ள ஏரிகளில் மிஸிஸ் என்ற சிறு இறாலை மீன்வளத் துறையே விட்டது. அது நீரோட்டத்தோடு இறங்கி 1981-ல் ஃப்ளாட்ஹெட்டில் தென்பட்டது. கோக்கனி தின்ன வேண்டிய நீர்ப்பூச்சிகளை அதுவே தின்றது, ஆழத்தில் மக்கினாவுக்குத் தீனியுமானது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோக்கனி இல்லாமல் போனது. அதைத் தின்ன இலையுதிர் காலத்தில் மக்டொனால்ட் ஓடையில் நூற்றுக்கணக்கில் கூடிய வெண்தலைக் கழுகுகளும் வருவதை நிறுத்திக்கொண்டன. நல்லெண்ணத்தோடு விட்ட ஒரு இறால் செய்தது இது.

பிடித்த பிறகு

ஐஸ் இல்லாமல் போகாதீர்கள். மீன் வலைக்குள் வந்ததும் செவுளை அறுத்து, ஒரு வாளித் தண்ணீரில் ரத்தம் வடியவிட்டு, அப்படியே ஐஸ் கரைந்த தண்ணீருக்குள் போட வேண்டும். படகில் வெயிலில் அரை மணி கிடந்தால் சதை களிபோல ஆகிவிடும். வயிற்றைக் கீறும்போது முதுகெலும்பை ஒட்டிய கறுத்த ரத்தக்கோட்டை ஸ்பூன் முனையால் வழித்தெடுங்கள், வாடையெல்லாம் அங்கேதான். உள்ளே சதை செம்மண் நிறத்தில், எண்ணெய் மின்னும். ஆகஸ்ட் கடைசியில் தோல் சிவக்கத் தொடங்கிய மீனில் இந்த நிறமும் ருசியும் வெளுத்துப்போகும். சாப்பிடுவதற்கு ஜூன், ஜூலைதான்.

குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் உடைந்துவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, அவ்வளவு போதும். செதிலைச் சுரண்டிவிட்டு முழு மீனாகத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று நிமிடம். மீனிலேயே எண்ணெய் இருப்பதால் கல்லில் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

தம்பிக்குச் சொன்ன பதில் இது. ஜூலை நாலில் மீன் 40 அடிக்கு இறங்கியிருக்கும், உன்னிடம் படகு இல்லை. முதல் நாள் விடியலில் ஒடெல்லில் நீயும் பெரியவளும் வழிகாட்டியோடு போங்கள். சின்னவனும் அவன் அம்மாவும் தூங்கட்டும். காற்று எழுந்ததும் கரையேறி, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மதியமே பாலினாவுக்குப் போய்விடு. அங்கே இரண்டு நாள். சின்னவன் கரையில் நின்று ட்ரவுட்டுக்கு வீசட்டும், வெந்நீர்க் குழியில் காலை நனைக்கட்டும். விடுமுறை நாள் என்பதால் வழிகாட்டியும் கூடார இடமும் இப்போதே பதிவு செய்ய வேண்டும். இரண்டு பெரிய ஐஸ்பெட்டி எடுத்துக்கொள், ஒன்று போதாது.

"சரிக்கா" என்றான். அரை மணி கழித்து அவன் மனைவி கூப்பிட்டாள். தோசைக்கல்லையும் காரில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.